ஊக்குக் குத்திய கை

இது நடந்தது. யாரோ சொல்லிக் கேட்ட கதை இல்லை, கேபிளில் வந்தது. சிவகாசியில் பாதி ஊர் பார்த்தது. பார்க்கவேயில்லை என்று இப்போது சொல்கிறவர்களும் அன்றைக்குப் பார்த்தார்கள். சிரித்தார்கள். சிரித்துவிட்டதால்தான் பார்க்கவில்லை என்கிறார்கள்.

நிகழ்ச்சியின் பெயர் ‘வாய்க்கொழுப்பு’. ஸ்பாஞ்சில் செய்த பொம்மைகள். பெரிய வாய், பெரிய கண், மூளை இருக்கவேண்டிய இடத்தில் அன்பரசனின் விரல்கள். மந்திரி, ஆபீசர், முதலாளி, நிருபர் என்று நாலு பொம்மைகள் கூடி ஊர்ச் சங்கதிகளை நாறடிக்கும். பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டுப் பார்க்கவும் என்று ஆரம்பத்திலேயே எழுத்துப் போட்டுவிடுவார்கள்.

நடத்தியவர் மகேஷ்குமார். பட்டாசு லேபிள் அச்சடிக்கும் பிரஸ்ஸும் அவருடையது, லோக்கல் சேனலும் அவருடையது. வெம்பக்கோட்டை ரோட்டில் உள்ள பட்டாசுக் கம்பெனி அவருடைய பெரியப்பா அய்யாதுரையினுடையது.

அன்பரசன் கோயில் கொடைகளிலும் கல்யாண மேடைகளிலும் குரல் மாற்றிப் பேசிப் பிழைத்தவன். யார் குரலையும் ஒருதரம் கேட்டால் போதும், தொண்டையில் ஏற்றிக்கொள்வான். அவன் மனைவி பொன்மணிக்கு அய்யாதுரை கம்பெனியில் வெடிமருந்து கலக்கும் ரூமில் வேலை. சாயந்தரம் வாசலில் அவள் செருப்புச் சத்தம் கேட்கும்வரை அவனுக்கு எதுவும் ஓடாது. சோறுகூட இறங்காது.

இந்த வேலைக்கு அவன் ஒத்துக்கொண்டதே அதற்காகத்தான். முதல் எபிசோட் ஓடட்டும், பொன்மணியைப் பிரஸ்ஸில் லேபிள் அடுக்கும் வேலைக்கு மாற்றிவிடுகிறேன் என்று மகேஷ்குமார் வாக்குக் கொடுத்திருந்தார். லேபிள் வெடிக்காது.

முதல் எபிசோடுக்கு எழுதியிருந்தது மருந்து ரூம் காட்சி. கண்ணை மூடிக்கொண்டு சோதனை போடும் ஆபீசர், அவர் பையில் ஸ்வீட் பாக்ஸைத் திணிக்கும் முதலாளி. செட் அசலாக இருக்கவேண்டும் என்றார் மகேஷ்குமார். பெரியப்பாவின் கம்பெனியிலேயே சாமான் வாங்கிவரச் சொன்னார். போர்மேன் ஊர்க்காவலன் எல்லாவற்றையும் பேப்பரில் சுற்றிக் கட்டிக்கொடுத்தார். மரத்தட்டு, சல்லடை, ரப்பர் பாய், ஒரு செம்புத் தகடு. அன்பரசன் பைக்கில் வைத்துக் கொண்டுவந்து சேர்த்தான்.

அந்தத் தகடு எதற்கு என்று அந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். மருந்து ரூம் வாசலில் பதித்திருக்கும். வெறுங்கையால் அதைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். நடக்கும்போதும் துணி உரசும்போதும் உடம்பில் தேங்குகிற மின்சாரம், தகட்டில் இறங்கிக் கம்பி வழியாக மண்ணுக்குப் போய்விடும். தொடாமல் போனால் விரல்நுனியில் ஒரு பொறி. அது கண்ணுக்குத் தெரியாது. மருந்துக்குத் தெரியும்.

அந்த வாரமே கம்பெனியில் விபத்து. பொன்மணியின் ரூம். நாலு பேர் வேலை பார்க்கும் ரூமில் அன்று மூன்று பேர்தான். மகளுக்குக் காய்ச்சல் என்று பொன்மணி போகவில்லை. மூவரும் செத்துப்போனார்கள். மூத்தவள் வள்ளித்தாய், அன்பரசன் வீட்டுக்கு அடுத்த தெரு. கம்பெனி கொடுத்த புகாரில் அவள் பெயரைத்தான் எழுதினார்கள். நைலான் சேலை கட்டி வந்தாள், அதிலிருந்து பொறி பறந்தது என்று. செத்தவள் எழுந்து வந்து இல்லையென்று சொல்லப்போவதில்லை.

மகேஷ்குமார் கதையை மாற்றினார். முதலாளி பொம்மை பெட்டிக்குள் போனது. புதுப் பொம்மை ஒன்று வந்தது. ஜிகினாச் சேலை, தூக்கிக் கட்டிய கொண்டை, காது வரை சாயம் பூசிய உதடு. பெயர் ‘பளபளப் பாக்கியம்’.

“ஊரு ஒருதடவ சிரிச்சு முடிச்சிட்டுன்னா, அப்புறம் எவனும் கேள்வி கேக்கமாட்டாம்லே” என்றார் மகேஷ்குமார்.

யார் குரலில் பேசவேண்டும் என்று அவர் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமும் இருக்கவில்லை. எல்லாரையும் ‘ராசா’ என்று கூப்பிடுவாள் வள்ளித்தாய். சிரித்தால் சிரிப்பு இருமலில் போய் முடியும். கந்தகம் தின்ற நெஞ்சு. அன்பரசன் ஒருதரம் பேசிக்காட்டினான். ஆபீஸில் இருந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள்.

பொன்மணி வேண்டாம் என்றாள். வள்ளித்தாய் அக்கா பருத்தியைத் தவிர வேறு எதையும் கட்டி அவள் பார்த்ததில்லையாம். கல்யாண வீட்டுக்குக்கூடப் பருத்திதானாம்.

“ஒனக்காகத்தான்” என்றான்.

“எனக்காகன்னு அவுக குரல எடுக்காதீக” என்றாள்.

பதிவு நடந்தது ஒரு மத்தியானம். பிரஸ்ஸுக்கு மேலே உள்ள மாடிதான் ஸ்டூடியோ. சாப்பாட்டு நேரத்தில் கீழே மிஷின்கள் நிற்கும். அந்த இடைவெளியில் எடுத்தால்தான் உண்டு. கேமராமேன் பாண்டிச்செல்வமும் அன்பரசனும் மட்டும்.

பொம்மை எப்படி ஆடும் என்று சொல்லிவிடுகிறேன். அன்பரசன் மேடைக்குக் கீழே மல்லாந்து படுத்திருப்பான். அவன் வலது கை பொம்மையின் தலைக்குள், வாய்க்கு. இடது கை பொம்மையின் இடது கைக்குள். பொம்மையின் வலது கையில் ஆள் கை கிடையாது. வெறும் பஞ்சு. தொங்கக்கூடாது என்பதற்காக அதை இடுப்போடு சேர்த்து ஊக்குக் குத்தியிருப்பார்கள். மேலே என்ன தெரிகிறது என்பதை முகத்துக்கு நேரே வைத்த ஒரு சின்ன மானிட்டரில் பார்த்துக்கொள்வான்.

கையை நுழைத்தான். உள்ளே கதகதப்பாக இருந்தது. விளக்குச் சூடு என்று நினைத்தான்.

காட்சி இதுதான். நிருபர் பொம்மை கேட்கும், எப்படிம்மா நடந்துச்சு என்று; அதைத் தனியாக எடுத்துப் பிறகு ஒட்டிக்கொள்வார்கள். பாக்கியம் சேலையை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டிவிட்டு ரூமுக்குள் போவாள். டொம். மாவுப் புகை. கரி பூசிய முகத்தோடு வெளியே வந்து கேட்பாள், “சேல நல்லாருக்கா ராசா?”

பாக்கியம் சுற்றினாள். வாசலுக்கு வந்தாள்.

நின்றாள்.

மானிட்டரில் அன்பரசன் பார்த்துக்கொண்டிருந்தான். பொம்மையின் வலது கை இடுப்பில் இல்லை. மெதுவாக நீண்டது. செட் வாசலில் பதித்திருந்த செம்புத் தகட்டின் கீழ் மூலையை, இடது பக்கம், தொட்டது. மறுபடி இடுப்புக்கு வந்தது.

“சூப்பர்ண்ணே, இதையும் வச்சுக்கிடலாம்” என்றான் பாண்டிச்செல்வம்.

ஊக்கு கழன்றிருக்கும். அன்பரசன் அப்படித்தான் எண்ணினான். எடுத்து முடித்ததும் பொம்மையைத் திருப்பிப் பார்த்தான்.

ஊக்கு குத்தியபடியே இருந்தது.

பஞ்சு விரல்களின் நுனியில் மட்டும் சாம்பல் நிறத்தில் ஏதோ மினுங்கியது. பொன்மணி சாயந்தரம் வீட்டுக்கு வரும்போது அவள் நகக்கண்ணில் மினுங்குகிற அலுமினியப் பவுடர்.

சாமானோடு ஒட்டிக்கொண்டு வந்திருக்கும் என்று துடைத்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஒளிபரப்பானது. வீட்டில் பொன்மணி பார்க்கமாட்டேன் என்று சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். தெருவில் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரே சமயத்தில் சிரிப்பு கிளம்பியது. வள்ளித்தாயின் வீடு இருந்த தெருவிலிருந்தும் கிளம்பியது. அன்பரசனுக்கு அது சந்தோஷமாகத்தான் இருந்தது. ஓடிவிட்டது. இனி லேபிள்.

பாக்கியம் வாசலுக்கு வந்து நின்றாள்.

“சாமிய தொட்டாச்சா ராசா?”

பொன்மணி திரும்பினாள். டிவியைப் பார்த்தாள். அப்புறம் அவனைப் பார்த்தாள்.

“அத ஒங்களுக்கு ஆரு சொன்னா?”

“எத?”

“சாமிய தொட்டாச்சான்னு. இப்பச் சொன்னீகளே.”

அவன் அதைச் சொல்லவில்லை. எழுதிய வசனத்தில் அது இல்லை. அந்த இடத்தில் அவன் வாயையே திறக்கவில்லை. பொம்மையின் வாயும் மூடித்தான் இருந்தது. ஆனால் குரல் வந்தது. இருமலோடு வந்தது.

பொன்மணி மெதுவாகச் சொன்னாள். ரூமில் அந்தத் தகட்டைச் சாமி என்றுதான் வள்ளித்தாய் சொல்வாளாம். விடியும்முன் வேலைக்குப் போனால் வாசலில் நின்றுகொண்டு ஒவ்வொருத்தியையும் கேட்பாளாம். “தொட்டாச்சுக்கா” என்று பதில் வந்தபிறகுதான் வழி விடுவாளாம். ரூமில் இருந்த நாலு பேரைத் தவிர வேறு யாருக்கும் அது தெரியாது. நாலு பேரில் மூன்று பேர் இப்போது இல்லை.

மறுநாள் செல்போனில் திரும்பப் போட்டுப் பார்த்தாள். பொம்மை தகட்டைத் தொடும் இடத்தில் நிறுத்தினாள். விரலால் படத்தைப் பெரிதாக்கினாள்.

தகட்டின் இடது கீழ் மூலை தேய்ந்து பளிச்சென்று இருந்தது. வலது மேல் மூலையும் அப்படித்தான்.

“அக்கா குள்ளம். கீழ தொடுவாக. நான் மேல தொடுவேன்.” அவள் குரல் ஒரே சீராக இருந்தது. “இது எங்க ரூமுத் தகடு. எப்ப கொண்டாந்தீக?”

அவன் பைக்கை எடுத்தான். ஊர்க்காவலனிடம் போய் நின்றான். போர்மேன் அவன் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

“வெடிச்சதுக்கு மொத நா சாயந்தரம் கழட்டுனது. காலைல வேற ஒண்ணு அடிச்சிரலாம்னு இருந்தேம்லே. லோடு வந்துருச்சு. மறந்துட்டேன்.”

விடியும்முன் வாசலில் வெளிச்சம் இருக்காது. கை பழக்கத்தில் தானாகப் போகும். வள்ளித்தாய் தொட்டிருப்பாள். ஆணி பிடுங்கிய சுவரைத் தொட்டிருப்பாள்.

தகட்டைத் திருப்பிக் கொடுங்கள் என்றாள் பொன்மணி. வேறு எதுவும் அவள் கேட்கவில்லை. வெடித்த ரூமுக்குப் பதிலாக வேறு ரூமில் அவளைப் போட்டிருந்தார்கள். அங்கே வாசலில் தகடே இல்லை. சீசன் நேரம், வாங்க ஆள் போகவில்லை. புதுத் தகடு வரும்வரை வேலைக்குப் போகாதே என்று அன்பரசன் சொல்லிப் பார்த்தான். போகாவிட்டால் சீசன் போய்விடும் என்றாள்.

மகேஷ்குமாரிடம் கேட்டான். அவர் உடனே சரி என்றார். அப்படிச் சட்டென்று ஒத்துக்கொள்கிறவர் இல்லை அவர்.

“செட்டுக்கு ஒரு காப்பி அடிச்சுக்கிடுவோம். அசல நீயே கொண்டுபோய்க் குடுத்துரு. ஆனா இது எங்கருந்து வந்துச்சுன்னு வெளிய மூச்சு விடக்கூடாது.”

“பொன்மணிய மாத்துறது அண்ணாச்சி…”

“ரெண்டாவது எபிசோடும் ஓடட்டும்லே.”

கீழே பிரஸ்ஸில் தகட்டைப் படம் எடுத்தார்கள். தகரத்தில் அச்சடித்து மேலே வார்னிஷ் போட்டார்கள். செம்பின் நிறம், கீறல், தேய்ந்த இரண்டு மூலைகள், எல்லாம் அப்படியே. பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் செய்தவனுக்கே வித்தியாசம் தெரியாது. மறுநாள் பேப்பரில் சுற்றிய பொட்டலத்தை அன்பரசனிடம் கொடுத்தார்கள். அவன் பிரித்துப் பார்க்கவில்லை. பைக்கில் வைத்துக் கொண்டுபோய் ஊர்க்காவலனிடம் சேர்த்தான்.

அன்று சாயந்தரம் பொன்மணி சிரித்த முகமாக வந்தாள். ரொம்ப நாளைக்கப்புறம்.

“தகடு வந்துருச்சு. கீழ அக்கா கை, மேல என் கை. தேய்ச்சுக் கழுவியிருப்பாங்க போல. வழுவழுன்னு இருக்கு.”

அதற்கு அவன் சும்மா தலையாட்டினான்.

ஊரில் அதற்குள் பாக்கியம் பிரபலமாகிவிட்டாள். டீக்கடையில் எந்தப் பொம்பளை கடந்துபோனாலும் ஒருவன் கேட்பான், “சேல நல்லாருக்கா ராசா?” வள்ளித்தாயின் வீட்டுக்காரர் வீட்டைப் பூட்டிவிட்டு ஆனைக்குட்டத்தில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். இரண்டாவது எபிசோடிலும் பாக்கியம்தான் வேண்டும் என்று மகேஷ்குமார் சொல்லிவிட்டார். பேயாக வருகிறாளாம். செத்தும் சேலையைக் காட்ட வருகிறாளாம்.

இந்த முறை அன்பரசன் இரண்டு ஊக்குக் குத்தினான். அதற்குமேல் நூல் போட்டுத் தைத்தான்.

மத்தியானம். கீழே மிஷின்கள் நின்றன. அன்று கம்பெனியில் ஆர்டர் அவசரம் என்று எல்லாரையும் இருட்டும்வரை இருக்கச் சொல்லியிருந்தார்கள். மேடைக்குக் கீழே படுத்தான். கையை நுழைத்தான்.

உள்ளே ஒரு கை இருந்தது.

சின்னக் கை. காய்ப்புக் காய்த்த கை. அவன் விரல்களுக்கு நடுவே விரல்களைக் கோத்தது… இறுக்கியது.

கத்தத் தோன்றியது. தொண்டையில் சத்தம் இல்லை. யார் குரலும் இல்லை. அவன் குரலும் இல்லை.

“ஸ்டார்ட்ண்ணே” என்றான் பாண்டிச்செல்வம்.

மானிட்டரில் பாக்கியம் வாசலுக்கு வந்தாள். அவன் நடத்தவில்லை.

நூல் ஒவ்வொன்றாக அறுந்தது. டிக்… டிக்… டிக்…

வலது கை நீண்டது. கீழ் மூலைக்குப் போகவில்லை. மேலே போனது. இன்னும் மேலே. குள்ளப் பொம்மை, எட்டிப் பிடிக்க உடம்பே இழுபட்டது.

வலது மேல் மூலை.

பொன்மணி தொடுகிற இடம்.

தட்டியது.

ணங்.

தகரம் இப்படிச் சத்தம் போடாது.

மறுபடி தட்டியது. ணங். மறுபடி. கெஞ்சுவது போல இருந்தது. ணங்… ணங்…

“பாண்டி.” குரல் எப்படியோ வந்தது. “அந்தத் தகடு காப்பிதான?”

“இல்லண்ணே. காப்பில லைட்டு பட்டா கண்ணு கூசுற மாதிரி வெள்ளையா அடிக்குது. அதான் அசல இங்கன வச்சுக்கிட்டு, காப்பிய கம்பெனிக்கு அனுப்பிட்டாக அண்ணாச்சி. நீங்கதான கொண்டுபோனீக?”

உள்ளே இருந்த கை அவனை விட்டது.

அன்பரசன் கையை உருவினான். எழுந்து ஓடினான்.

படியில் இறங்கும்போதே ஊர்க்காவலனுக்குப் போன் போட்டான். மணி அடித்தது. எடுக்கவில்லை. மருந்து ரூம் பக்கம் யாரும் போன் கொண்டுபோகக்கூடாது. அந்தச் சட்டத்தை மட்டும் ஒழுங்காகக் கடைப்பிடித்தார்கள்.

தொட்டிருப்பாள். மின்சாரம் இறங்காத, வழுவழுவென்ற வார்னிஷைத் தொட்டிருப்பாள். காலையில் தொட்டாள். டீ குடித்துவிட்டு வந்து தொட்டாள். சோறு தின்றுவிட்டு வந்து…

பைக்கை முறுக்கினான்.

ரோட்டோரப் புளியமரத்திலிருந்து காக்கைகள் மொத்தமாக எழுந்தன.

அப்புறம்தான் சத்தம்.

பொன்மணியின் பெயர் போட்ட இரண்டாவது புகாரிலும் நைலான் சேலை என்றே எழுதியிருந்தது. அன்று காலை கொடியிலிருந்து சேலையை எடுத்துக்கொடுத்தது அன்பரசன். பருத்தி. ஓரம் கிழிந்து அவளே தைத்தது. அதைச் சொன்னான். எழுதிக்கொள்ளவில்லை.

மகேஷ்குமார் நிகழ்ச்சியை நிறுத்தவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை முதல் எபிசோடையே மறுபடி போட்டார். முன்னைவிட நன்றாக ஓடியது.

காரியமெல்லாம் முடிந்தபிறகு பாண்டிச்செல்வம் வீடு தேடி வந்தான். உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்று செல்போனை நீட்டினான். அன்று அன்பரசன் ஓடிய பிறகு கேமராவை அவன் அணைக்கவில்லை. ஜன்னலில் நின்று எங்கே போகிறார் என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். பதிவு ஓடிக்கொண்டேயிருந்திருக்கிறது.

அன்பரசன் பார்த்தான்.

கையை உருவிய பிறகு பொம்மை விழவில்லை. நின்றது. உள்ளே யாரும் இல்லை. மேலேயிருந்து வலது கை இறங்கி, தகட்டின் கீழ் மூலையில் உட்கார்ந்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை.

பிறகு இடது கை எழுந்தது. அவன் கை இருந்து, அவன் உருவிக்கொண்ட கை. மெதுவாக மேலே போய் வலது மேல் மூலையைத் தொட்டது.

“சாமிய தொட்டாச்சா ராசா?”

வாய் அசையவில்லை.

“தொட்டாச்சுக்கா.”

அது பொன்மணியின் குரல்.

அதற்கப்புறம்தான் பதிவில் அந்தச் சத்தம் வருகிறது. தூரத்தில். ஜன்னல் கண்ணாடி ஒருதரம் அதிர்ந்து அடங்குகிறது.